கடைமடைச் சருகுமானும் இலவசத் தண்ணீரும்

மலையடிவாரக் காட்டில் செம்பி என்றொரு சருகுமான் இருந்தது. ஆள் முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ரோஷம் மட்டும் மலையளவு. ஓடைக்கரையில் துண்டு நிலத்தில் சாமை விதைத்து, இரண்டு குட்டிகளை வளர்த்துவந்தது.

அந்தக் காட்டில் ஒரு சலுகை உண்டு. மேட்டில் ஒரு மடு. மலைச் சுனைநீர் வந்து தேங்கும் இடம். பயிர் வைத்த யாருக்கும் யானைகள் அங்கிருந்து தும்பிக்கையால் மொண்டு வாய்க்காலில் ஊற்றும். கூலி கிடையாது. ஒரு பஞ்ச காலத்தில், சின்ன உயிர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று யானையரசி செய்த ஏற்பாடு அது. நல்ல மனசோடு செய்ததுதான், குறை சொல்ல முடியாது.

வாய்க்காலின் தலைமடையில், அதாவது தண்ணீர் முதலில் பாயும் இடத்தில், கோரையன் என்ற காட்டுப்பன்றியின் வயல். முன்பு அங்கே கம்பு விளைந்தது. தண்ணீர் சும்மா வருகிறதென்றதும் பன்றியாருக்குக் கரும்பு ஆசை வந்துவிட்டது. கரும்பு குடிக்கிற தண்ணீர் கொஞ்சமா நஞ்சமா? அதைப் பார்த்துக் கரடியும் நட்டது, முள்ளம்பன்றியும் நட்டது. வாய்க்கால் முடியும் கடைமடையில் கிடந்த செம்பியின் சாமைக்கு வந்து சேர்ந்ததோ ஈர வாசனை மட்டும்தான்.

செம்பி அதைப் பெரிதுபடுத்தவில்லை. வறண்ட ஓடையில் ஊற்றுக் குழி தோண்டி, சுரைக்குடுக்கையால் மொண்டு மொண்டு ஊற்றியது. ஆனால் வருஷா வருஷம் ஊற்று கீழே போனது. முன்பு குனிந்தால் எட்டிய தண்ணீருக்கு இப்போது குழிக்குள்ளேயே இறங்க வேண்டியிருந்தது. காலம் கெட்டுப்போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது.

ஒருநாள் யானையரசி ஆள் விட்டுச் சொன்னது. "மடு வற்றிக்கொண்டு வருகிறது. இலவசத் தண்ணீரை நிறுத்தலாமா என்று யோசிக்கிறோம். நாளைக்கு எல்லோரும் சபைக்கு வாருங்கள்."

அன்று மாலையே கோரையன் மூச்சிரைக்க ஓடிவந்தது. அதுவரை செம்பி வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஆள்.

"தங்கச்சி, மோசம் போனோம். தண்ணியை நிறுத்தப் போறாங்களாம். எனக்கென்ன, எப்படியோ பிழைச்சுக்குவேன். உன் குட்டிங்களை நினைச்சாத்தான் தூக்கமே வரல."

செம்பி குட்டிகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டது. யானைகள் வாய்க்காலில் ஊற்றுவதுதான் தன் ஊற்றில் வந்து கசிகிறது என்று அது நம்பியிருந்தது.

"நான் என்னண்ணே செய்யணும்?"

"சபையில முன்னால நின்னு அழு. அது போதும். காலையில ஒண்ணும் சாப்பிடாம வா, பார்க்கப் பாவமா இருக்கும்."

மறுநாள் செம்பி அழுதது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதது. "அம்மா, தண்ணியை நிறுத்தினா என் சாமை கருகிடும். குட்டிங்க வாயில என்னத்தைப் போடுவேன்?"

பின்னால் நின்ற கோரையனும் கரடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டன.

யானையரசி காதை ஆட்டிக்கொண்டே சொன்னது. "யார் வாடுவாங்க, யார் தாங்குவாங்கன்னு இங்கே நின்னுக்கிட்டு எனக்குத் தெரியாது. அமாவாசை வரைக்கும் நிறுத்திப் பார்ப்போம். அப்புறம் வந்து நடந்ததைச் சொல்லுங்க."

"பெரிய வயித்துக்காரிக்குச் சின்ன வயித்தோட பசி எப்படித் தெரியும்?" என்று செம்பி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீடு திரும்பியது.

நாட்கள் போயின. கரும்பு மஞ்சளித்தது. கரும்பு வெட்டும் வயலெலிகளைக் கோரையன் வேலைக்கு வர வேண்டாம் என்றது. அவை ஓடைக்கரையில் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அடுத்தது நம் சாமைதான் என்று செம்பி பயந்து பயந்து பயிரைப் பார்த்தது. சாமையோ வாடுகிற வழியாக இல்லை.

ஒரு காலையில் குழிக்குள் இறங்கப் போனால், இறங்க இடமில்லை. தண்ணீர் மேலேயே நின்றது! மழையும் பெய்யவில்லையே என்று செம்பி குழம்பியது. ஓடையின் ஈர மணலைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே நடந்தது. ஈரம் மடுவின் கரையில் போய் முடிந்தது. மடு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. கரையின் அடியிலிருந்து கசிந்த நீர்தான் மணலுக்குள் இறங்கி, ஓடை வழியே அதன் ஊற்றுக்கு வந்துகொண்டிருந்தது.

செம்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மடு நிறைந்தால்தான் என் ஊற்று நிறையும். மடுவைக் குடித்தது கரும்பு. அந்தக் கரும்புக்காகவா நான் வெறும் வயிற்றோடு போய் அழுதேன்? வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அமாவாசைக்கு முதல் நாள் கோரையன் ஒரு கட்டுக் கரும்போடு வந்தது. "குட்டிங்களுக்குக் கொடும்மா. நாளைக்குச் சாமை கருகிப்போச்சுன்னு மட்டும் சொல்லிடு."

அதற்குள் குட்டிகள் ஆளுக்கொரு துண்டை இழுத்துவிட்டன. செம்பி தடுக்கவில்லை. பிள்ளைகள் தின்றால் தின்னட்டும், அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்துவிட்டது.

மறுநாள் சபையில் கோரையன் செம்பியை முன்னால் தள்ளியது. "இந்த ஏழையைப் பாருங்கம்மா!"

"நானே சொல்லிக்கிறேன்" என்றது செம்பி. "அம்மா, என் சாமை பச்சைப்பசேல்னு இருக்கு. ஊத்து நிறைஞ்சு நிக்குது. ஏண்ணே, என் தாகத்தைச் சொல்லித்தானே தண்ணி கேட்டீங்க? ஒரு வாய்த் தண்ணி என் வயலுக்கு வந்திருக்கா?"

கோரையன் கரடியைப் பார்த்தது. கரடி வானத்தைப் பார்த்தது.

"அப்போ நிறுத்தினதுல யாருக்கும் கஷ்டமில்லையா?" என்று யானையரசி கேட்டது.

"இருக்கும்மா. எலிங்களுக்கு வேலை போச்சு. அதுங்க ஒரு தப்பும் பண்ணல. அதையும் நீங்க பார்க்கணும்."

யானையரசி தலையாட்டியது. இனிமேல் பஞ்ச காலத்தில் மட்டும் தண்ணீர், அதுவும் கடைமடையிலிருந்து தொடங்கி. எலிகளுக்கு மடுவில் தூர் வாரும் வேலை, கூலிக்குத் தானியம். கரும்புதான் வேண்டும் என்பவர்கள் தாங்களே மொண்டு ஊற்றிக்கொள்ளலாம்.

கோரையன் ஒரு பகல் முழுக்க வாயில் மொண்டு மொண்டு ஓடியது. பாதித் தண்ணீரைத் தானே விழுங்கியதுதான் மிச்சம். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைமடைக்கு வந்து நின்றது.

"தங்கச்சி, கொஞ்சம் சாமை விதை கிடைக்குமா?"

"தர்றேண்ணே. பார்க்கப் பாவமா இருக்கணும்னு இல்ல, சாப்பிட்டுட்டே வந்திருக்கலாமே" என்றது செம்பி.

எளியவர் பெயரைச் சொல்லிக் கேட்கப்படும் சலுகை எளியவரிடம் போய்ச் சேருகிறதா என்று கடைமடை வரை நடந்து பார்த்த பிறகே, அதைக் காப்பதா மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.