வைரவர் பங்கு

கொறட்டிக்குளத்து வைரவர் கோயிலில் ஆடு வெட்டும் இடத்தைக் கழுவிவிடுவது ஒச்சப்பரின் வேலை. வெட்டிய ஆட்டின் இதயம் வைரவர் பங்கு. அதை அவருடைய வாகனமான நாய்களுக்குப் பச்சையாகவே போட வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒச்சப்பர் அதை இரு கையில் ஏந்தி, “வைரவா, பசியாறப்பா” என்று சொல்லியே கொடுப்பார். மற்ற நேரத்தில் தம் ஆடுகளைக் கோயில் புறம்போக்கில் மேய்ப்பார். நாய்களும் அங்கேயே திரியும்.

ஒரு மாசிப் படையலில் அவர் கொடுத்த கிடாயின் இதயத்தை, நாய்க்குப் போடுமுன் வழக்கம்போலப் பிளந்து பார்த்தார்கள். உள்ளே அரிசி அரிசியாய் வெள்ளைக் கொப்புளங்கள். மறுவருடமும் அப்படியே. கொடுத்தவன் மனசு கெட்டது என்றுதான் அந்த ஊர் அதற்குப் பொருள் சொல்லும்.

“நெஞ்சுல புழுவ வச்சுக்கிட்டுச் சாமிக்குக் கெடா குடுக்க வந்துட்டான்! இனி இந்த வாசல மிதிச்ச, கால ஒடச்சுருவேன்,” என்று கத்திய பூசாரி குருநாதன், அந்த இதயத்தை ஒச்சப்பர் முகத்திலேயே எறிந்தான். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. அவர் கழுவிய தரையில் நின்றுகொண்டுதான் சிரித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

ஒச்சப்பர் கீழே விழுந்த இதயத்தைப் பொறுக்கிக்கொண்டு பொங்கல் அடுப்பருகே அமர்ந்து அழுதார். “ஆடு நீ குடுத்தது. இந்தக் கொப்புளமும் நீ குடுத்ததா, வைரவா?”

எலும்பும் தோலுமான ஒரு கறுப்பு நாய் வந்தது. தம் துக்கத்திலும் அதன் பசி அவருக்குப் பொறுக்கவில்லை, இதயத்தை நீட்டினார். அது வாயில் கவ்வி, அடுப்பு நெருப்பில் போட்டது. அவர் பதறி எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் நெருப்பில் போட்டது. நன்றாக வெந்த பிறகே தின்றுவிட்டுப் போனது.

அதை உத்தரவாகவே கொண்டார் ஒச்சப்பர். ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றுப் பக்கம் ஆடுகளோடு குடிசை போட்டு, தம்மோடு வந்த நாய்களுக்கு எதையும் வேகவைத்தே கொடுத்தார். பச்சை இதயத்தின் கொப்புளம் நாயின் வயிற்றில் புழுவாகி, அதன் கழிவு வழியே புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டின் நெஞ்சுக்கும் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. “நாய்க்குச் சமையக்காரன்” என்று ஊர் ஏசியது. சாமி பங்கைச் சுட்ட பாவி என்று கல்லும் விட்டது.

சில வருடம் கழித்து ஒரு மாசியில், பிளந்த இதயமெல்லாம் கொப்புளம். குருநாதனின் சொந்தக் கிடாயிலும் கொப்புளம். படையல் நின்றது. வேறு வழியில்லாமல் ஒச்சப்பரின் கிடாயைக் கேட்டு ஆள் போனது. கரட்டில் பிறந்து வளர்ந்த கிடாய் அது. அதன் இதயத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

அப்போது அந்தக் கறுப்பு நாய் கூட்டத்துக்குள் வந்தது. பூசாரியைத் தாண்டிப் போய் ஒச்சப்பரின் கையை நக்கியது. பிறகு கருவறைக்குள் நுழைந்தது. பின்னாலேயே ஓடிப் பார்த்தால் உள்ளே நாய் இல்லை. வைரவர் காலடியில் இருந்த கல் நாயின் வாயில் மட்டும் அடுப்புச் சாம்பல் ஒட்டியிருந்தது.

குருநாதன் தன் கிடாயின் இதயத்தை ஒளிக்க இடம் தேடி நின்றான். ஒச்சப்பர் அதை வாங்கி அடுப்பில் வைத்தார். எறிந்தவன் கையிலிருந்தே வாங்கி நாயின் பசிக்கு வேகவைத்த அந்த அடியவரை, நாம் வணங்கித்தான் ஆகவேண்டும்.