பள்ளத்தெருத் தண்ணீர்

நல்லேரியில் மழை விட்ட மறுநாள் காலை, பேரூராட்சித் தலைவர் தில்லைநாயகி சேறு படிந்த புடவையோடு அங்கயற்கண்ணி அக்காவின் வீட்டுப் படியேறினாள்.

அக்கா அந்தத் தொகுதியில் இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். மூன்றாம் முறை கட்சி கூப்பிட்டபோது, போதும் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்து கோழி வளர்க்க ஆரம்பித்துவிட்டார். மேடையில் பேசவும், மனு வாங்கவும், கோபமாக வருகிறவர் முன்னால் குரலை உயர்த்தாமல் நிற்கவும் தில்லைக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். வாய் அக்கா என்று கூப்பிட்டாலும், தில்லையின் மனசில் அவர் குரு.

"அக்கா, மாவட்டச் செயலாளர் பேசினாரு. வர்ற தேர்தல்ல எம்.எல்.ஏ. சீட்டுக்கு என் பேரைத்தான் யோசிக்கிறாங்களாம்."

"நல்லது."

"எனக்குத்தான் பயமா இருக்கு. நான் அதுக்குத் தயாரா? நீங்க சொல்லுங்க."

அக்கா தீவனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இப்ப எங்க போற?"

"பள்ளிக்கூடத்துக்கு. பள்ளத்தெரு ஜனங்களை அங்கதான் தங்க வச்சிருக்கோம். சாப்பாடு போடணும்."

"நானும் வரேன்."

ஊரிலேயே தாழ்வான இடம் பள்ளத்தெரு. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போவதற்கு ஒரு வாய்க்கால் உண்டு. கடைவீதியில் அதன் மேல் சிமெண்டுப் பலகை போட்டு வரிசையாகக் கடை கட்டிவிட்டார்கள். போக வழியில்லாத தண்ணீர் பள்ளத்தெருவுக்குள் புகுந்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்த ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் தில்லை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குழந்தைகளைத் தூக்கி வந்தாள். ஊர் அவளைக் கொண்டாடியது அதனால்தான்.

வகுப்பறையில் ஈரத்துணி வாடை அடித்தது. தில்லை தானே கரண்டியைப் பிடித்துச் சாம்பார் சாதம் பரிமாறினாள். பச்சையம்மா என்ற கிழவி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ எம்.எல்.ஏ. ஆவணும் கண்ணு. போன மழைக்கும் நீதான் சோறு போட்ட. அதுக்கு முந்தின மழைக்கும் நீதான். அடுத்த மழைக்கும் எங்களை நீதான் பாத்துக்கணும்."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

தில்லையின் கரண்டி அப்படியே நின்றது. கிழவியின் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. மனசாரச் சொன்னாள். அதுதான் தில்லைக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் அக்காவிடம் எரிந்து விழுந்தாள். "இதைக் கேக்க வைக்கத்தான் வந்தீங்களா?"

"நான் ஒண்ணும் பேசலையே."

"வாய்க்கால் மேல இருக்கிறது யார் யார் கடைன்னு உங்களுக்கே தெரியும். போன தேர்தல்ல எனக்காக அலைஞ்சவங்க கடை. முதல் கடையே எங்க மாமா கடை."

"தெரியும்."

"இப்ப கை வச்சா சீட்டு போயிடும். எம்.எல்.ஏ. ஆயிட்டு வந்து செய்யிறேன். அப்ப எனக்குப் பலம் இருக்கும்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அப்ப அது யார் கடையா இருக்கும் தில்லை?"

அக்கா சேற்றில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

அன்று பகல் முழுக்க யார் எது கேட்டாலும் தில்லை அரைகுறையாகத்தான் பதில் சொன்னாள். சாயங்காலம் நேரே எத்திராஜ் மாமாவின் பெயிண்டுக் கடைக்குப் போனாள். அவள் தாய்மாமன். அப்பா இல்லாத வீட்டுக்கு அப்பாவாக நின்றவர்.

"வா, வா, எம்.எல்.ஏ. அம்மா" என்று சிரித்தார்.

"மாமா, இந்தக் கடைகளை எடுக்கப் போறேன். வாய்க்காலைத் திறக்கணும்."

அவர் சிரிப்பு மறையக் கொஞ்ச நேரம் ஆனது. "விளையாடறியா?"

"இல்ல மாமா. பஸ் ஸ்டாண்டு பின்னால பேரூராட்சி இடம் சும்மா கிடக்கு. அங்க எல்லாருக்கும் கடை கட்டிக் குடுத்துட்டுத்தான் எடுப்பேன்."

"அங்க எவன் வருவான் பெயிண்டு வாங்க? உனக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடா ஏறி இறங்கினவன்டி நான்."

"மறக்கல மாமா."

"பின்ன?"

"அதனாலதான் உங்க கடையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். வேற யார் கடையைத் தொட்டாலும், முதல்ல உன் மாமா கடையை எடுன்னுதான் ஊர் கேக்கும்."

மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். தில்லை கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவர் வெளியே வரவில்லை.

மன்றக் கூட்டத்தில் நாற்காலி பறந்தது. அவளுடைய கட்சி உறுப்பினர்களே வெளிநடப்புச் செய்தார்கள். எதிர்க்கட்சியிலும் பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை, அவர்களுக்கும் அங்கே கடை இருந்தது. அவர்களில் ஒருவரைக் காலையிலும் மாலையிலும் வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேசித்தான் தீர்மானத்தை நிறைவேற்ற முடிந்தது. மாவட்டச் செயலாளர் போனில் வந்தார்.

"என்னம்மா இது? தேர்தல் முடியட்டும், பொறுமையா செய்யலாம்."

"அடுத்த மழைக்குள்ள முடிக்கணுங்க."

"உன் பேரு மேலிடம் வரைக்கும் போயிருக்கு. நான் சொல்றது புரியுதா?"

"புரியுதுங்க."

"புரிஞ்சுமா?"

"புரிஞ்சுதாங்க சொல்றேன்."

பஸ் ஸ்டாண்டு பின்னால் கடைகள் எழுந்தன. பொங்கல் கழிந்து ஒரு காலையில் கடைவீதிக்கு ஜே.சி.பி. வந்தது. போலீஸ் நின்றது. முதல் சுவர் மாமாவுடையது. அவர் எதிர்ச்சாரியில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. சுவர் சரிந்து எழுந்த தூசி அடங்கும்வரை தில்லை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பலகையைப் பெயர்த்தபோது அடியில் கறுப்புச் சேறும் பிளாஸ்டிக்குமாக வாய்க்கால் மூச்சடைத்துக் கிடந்தது.

வேட்பாளர் பட்டியல் வந்தது. அதில் வேறொருவர் பெயர் இருந்தது. அந்த வாரத்தில் நடந்த மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு அவளுக்கு அழைப்பு வரவில்லை. அன்று மட்டும் தில்லை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் கரை கட்டுகிற வேலையைப் பார்க்க வாய்க்காலுக்குப் போய்விட்டாள்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. இரவு முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் விடியாததுமாகத் தில்லை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தெருவுக்கு ஓடினாள். கடைவீதியில் வாய்க்கால் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் கணுக்கால்கூட நனையவில்லை. ஒருத்தி வாசலில் அடுப்புக்கு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து யாரும் ஓடி வரவில்லை.

பச்சையம்மா மட்டும் வந்தாள். வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா தலைவரே, தெருவிளக்கு எரிஞ்சு எத்தனை நாளாச்சு? சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஓட்டு மட்டும் கேக்கத் தெரியுதில்ல?"

தில்லை அங்கிருந்து அக்காவின் வீட்டுக்குப் போனாள். அக்கா கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இவ்வளவு மழை பெஞ்சிருக்கு. அந்தத் தெருவுல ஒருத்தர்கூட மழையைப் பத்திப் பேசல. பச்சையம்மா விளக்கு எரியலன்னு சண்டைக்கு வர்றா."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் முடிவு பண்ணிட்டேன்க்கா. அடுத்த தேர்தல்ல எம்.எல்.ஏ.வுக்கு நிக்கப் போறேன். கட்சி குடுத்தா கட்சியில. இல்லன்னா தனியா. தோத்தாலும் நிப்பேன். அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. நான் தயாரா?"

"விளக்கு எப்பப் போடுவ?"

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள."

அக்கா கூட்டிலிருந்து கடைசிக் கோழியையும் வெளியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்புறம் இங்க ஏன்டி நின்னுட்டிருக்க?"