அந்துப்பூச்சி சுமக்கும் கண்கள்

அந்தக் காலத்தில் காடு பேசும், காட்டில் இருப்பவையும் பேசும். அப்போது மலையடிவாரத்தில் செம்பி என்றொருத்தி இருந்தாள். சுவரில் படம் எழுதுவதுதான் அவள் வேலை. காலையில் காட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்ப்பாள். திரும்பி வந்து, பார்த்ததை எழுதுவாள். அவளுக்காக மான் கழுத்தைத் திருப்பி நிற்கும். மலைகூட, "என் தோளைக் கொஞ்சம் அகலமாப் போடு" என்று சொல்லிவைக்கும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. "உருவத்தை எடுத்துக்கோ தாயி, கண்ணை மட்டும் எங்ககிட்டயே விட்டுடு" என்று எல்லா உயிர்களும் கேட்டுக்கொண்டிருந்தன. அதனால் செம்பியின் மானுக்கும் கொக்குக்கும் கண் இருக்க வேண்டிய இடம் வெறும் சுவராகவே இருந்தது.

தினமும் ஓர் அந்துப்பூச்சி வந்து அவளிடம் கெஞ்சும். "என்னையும் ஒரு மூலையில எழுதேன்."

"உன்கிட்ட எழுத என்ன இருக்கு? சாம்பல் பூசின சிறகு" என்று செம்பி சிரிப்பாள். கைத்திறன் வந்தவர்களுக்கு இந்தத் திமிர் கூடவே வந்துவிடும்.

ஒரு நாள் சுனையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சிறுத்தை, தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அவ்வளவுதான். அந்தப் பார்வை அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. சிறுத்தையைச் சுவரில் எழுதினாள். கண் இல்லாமல் அது புள்ளி வைத்த பூசணிக்காய் மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். கை கேட்கவில்லை. மஞ்சளை மரப்பிசினில் குழைத்து இரண்டு கண்களையும் வைத்துவிட்டாள்.

"அம்மா, அது என்னையே பார்க்குது" என்றாள் மகள் பொம்மி.

செம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. பொம்மி அடுப்பங்கரைக்குப் போனாள். சுவரிலிருந்த கண்கள் கூடவே போயின. பொம்மி இமைத்தாள், அவையும் இமைத்தன. செம்பி சட்டென்று குறுக்கே போய் மகளை மறைத்து நின்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் ஏதோ முட்டியது. சிறுத்தை. கதவு எது, சுவர் எது என்று தெரியாமல் முட்டிக்கொண்டிருந்தது. கண் இருந்த இடத்தில் ரோமம் மூடியிருந்தது, அங்கே கண் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லாமல்.

"என் கண்ணு உன் வீட்டுக்குள்ள இருக்கு செம்பி" என்றது மெதுவாக. குரலில் கோபம்கூட இல்லை. "அதால உன் மகளைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். விளக்கேத்துறதுக்குள்ள என்னோடதைக் கொடு. இல்லைன்னா அவளோடதை எடுத்துக்குவேன்."

செம்பி ஓடிப்போய் ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். வெளியே சிறுத்தை அலறியது. "எரியுது! அழிச்சுடாதே!"

துணி கையிலிருந்து நழுவியது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, இருட்டிடுச்சா?" என்று கேட்டாள் பொம்மி. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

செம்பி வாய்விட்டு அழுதாள். கூரையிலிருந்து அந்துப்பூச்சி இறங்கி வந்தது. "பிசின் இன்னும் காயலை. என் சிறகுல பொடி இருக்கு, ஒட்டிக்கும். நான் எடுத்துட்டுப் போறேன்."

"உன்னை நான் ஒரு நாளும் எழுதலையே!"

"இப்ப எழுதினதா வச்சுக்கோ" என்றது பூச்சி.

சிறகை அகல விரித்து, சுவரிலிருந்த கண்கள்மேல் அழுத்திக்கொண்டது. பிசின் லேசில் விடவில்லை. வாயால் அதை உறிஞ்சி உறிஞ்சி இளக்கியது. பிய்த்துக்கொண்டு பறந்து போய்ச் சிறுத்தையின் முகத்தில் உட்கார்ந்தது.

சிறுத்தை கண் திறந்தது. பொம்மியை ஒரு முறை பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போனது.

"வெளிச்சம் வந்துடுச்சும்மா" என்றாள் பொம்மி.

அந்துப்பூச்சி திரும்பி வந்தபோது அதன் சிறகுகளில் மஞ்சளாய் இரண்டு கண்களின் தடம் பதிந்திருந்தது. "வலிக்குதா?" என்று கேட்டாள் செம்பி. உறிஞ்சிய பிசின் பூச்சியின் வாயை ஒட்டிவிட்டிருந்தது. வெந்நீர் தொட்டுத் தடவிப் பார்த்தாள். பிசினில் மூடிய வாய் திறக்கவே இல்லை. முன்பெல்லாம் தொணதொணத்த அந்தக் குரலுக்காக அவள் அன்று விடியும்வரை அழுதாள்.

அன்று முதல்தான் அந்துப்பூச்சி உண்பதுமில்லை, பேசுவதுமில்லை. விளக்கேற்றியதும் வீட்டுக்குள் வந்து, சிறகை விரித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, யாராவது எதற்காவது கண் எழுதிவிட்டார்களா என்று தடவித் தடவிப் பார்க்கிறது.