தொப்பைக்காரன் சொன்ன டயர்

நாகர்கோவிலில் ஒரு சைக்கிள் கடையில் மாசிலாமணி என்று ஒரு தொப்பைக்காரன் வேலை பார்த்தான். அவன் உட்கார்ந்தால் ஸ்டூல் முனகும். "பாவம், அதுக்கும் ஒரு தலையெழுத்து" என்று அவனே சொல்லிக்கொள்வான்.

ஒரு மழைநாள் சைக்கிள் கிளப் தலைவர் ஜெயசீலன் வந்தார். "வெயிலுக்கும் மழைக்கும் ஒரே டயர் வேணும்."

"அகலமான டியூப்லெஸ் போடுங்க சாரே. காத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா ஈரத்துலயும் ரோட்டைப் பிடிச்சுக்கிடும்."

"உன் தொப்பை மாதிரி டயரா? என் ஒல்லி டயர்தான் உசத்தி. இல்லைன்னு இப்பவே காட்டு. காட்டலைன்னா முதலாளிகிட்டச் சொல்லி உன்னை வீட்டுக்கு அனுப்பிருவேன்."

"வாதாடினா எனக்கு மூச்சு வாங்கும் சாரே. புது வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சம்பழமே சொல்லட்டும்."

கடைவாசல் ஈரத்தில் பழத்தை வைத்தான். தலைவர் தன் சைக்கிளில் ஏறி, கல் மாதிரி காற்றடித்த ஒல்லி டயரை அதன்மேல் ஏற்றினார். பழம் நழுவியது, சக்கரமும் நழுவியது, தலைவர் சேற்றில் உட்கார்ந்தார். மாசிலாமணி கடையிலிருந்த அகல டயர் வண்டியில் ஏறி மெதுவாக உருட்டினான். அதே பழம் சப்பையாகிப்போனது.

"அழுகின பழம்டா அது!" என்றார் தலைவர்.

"இருக்கும் சாரே. இல்லைன்னா என்னை மாதிரி பூஞ்சை உடம்புக்கு நசுங்குமா?"

தலைவர் சேற்றைத் துடைத்தார். "ரெண்டு சக்கரத்துக்கும் அதையே மாட்டு."

மாசிலாமணியின் வேலை தப்பியது. ஸ்டூலுக்குத்தான் விமோசனம் இல்லை.