கட்டில் வீடு திரும்பும் நாலு நிமிடம்

எடிட்டர் செலினிடம் தொழில் கற்க வந்த சீடருக்குக் குருவைவிட ஒன்பது வயது கூடுதல். பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் சினிமாவைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, ஒரு படத்தையாவது தன் கையால் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று நீண்ட விடுப்பில் வந்தவர் முனைவர் அங்கயற்கண்ணி. செலின் பத்தாம் வகுப்போடு நின்றவர். சீடரை "டாக்டரம்மா" என்பார். சீடர் குருவை "மேடம்" என்பார். இருவரும் வாதம் செய்யாத நாள் குறைவு.

அந்த வாரம் அவர்கள் கையில் இருந்தது ஒரு குழந்தைகள் படம். ஊரில் எல்லாருடைய தூக்கமும் திருடுபோகிறது. ஓர் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் பறக்கும் கட்டிலில் ஏறி, மேகத்துக்குப் பின்னால் இருக்கும் நாட்டுக்குப் போய், தூக்கத்தை மீட்டு வருகிறார்கள். பன்னிரண்டு நிமிடம் குறைக்கச் சொல்லியிருந்தார் தயாரிப்பாளர். திங்கட்கிழமை படம் சென்சாருக்குப் போக வேண்டும்.

"எதை எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க," என்றார் செலின். "நீங்க சொல்றதுதான் முடிவு."

இதற்காகவே காத்திருந்தவர் போல ஒரு தாளை நீட்டினார் அங்கயற்கண்ணி. அதில் பதினேழு குறைகள்.

"வில்லன் வாயைத் திறக்கும்போதே முடிவு தெரிஞ்சிடுது. அந்தப் பேசுற கீரிப்பிள்ளை ஒரே ஜோக்கை நாலு தடவை சொல்லுது. சண்டை கால் மணி நேரம். எல்லாத்துக்கும் மேல அந்த அம்மா. ஊரே தூங்கலை, அவளும்தான் தூங்கலை. ஆனா கட்டுச்சோறு கட்டிக் குடுத்துட்டு வாசல்லயே நின்னுடறா. கட்டில்ல இடமா இல்ல? பத்திக்கிட்டு வருது, மேடம்."

"எனக்கும்தான். முதல்ல எதை எடுக்கணும்?"

"கட்டில் திரும்பி வர்ற இடம். தூக்கம் கிடைச்சாச்சு, வில்லன் ஒழிஞ்சாச்சு. பேசாம வீட்டுக்கு வர வேண்டியதுதானே. நாலு நிமிஷம் சும்மா பறக்குது. கதை ஓர் அடி நகரலை."

"ஒன்பது நாள் எடுத்தாங்க அதை."

"பாடுபட்டாங்கன்னு ஒரு காட்சியை வச்சுக்க முடியுமா?"

"முடியாதுதான்." செலின் தாளை மடித்து அவரிடமே கொடுத்தார். "நாளைக்குக் காலையில ப்ரிவியூ. வந்துட்டு வெட்டுங்க. இதையும் எடுத்துட்டு வாங்க."

படத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டும் ப்ரிவியூ அது. லைட் பிடித்தவர்கள், வேன் ஓட்டியவர்கள், சமைத்துப் போட்டவர்கள் எல்லாரும் அவரவர் பிள்ளைகளோடு வந்து நிறைந்திருந்தார்கள். செலின் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து திரைக்குக் கீழே போட்டார்.

"உக்காருங்க. முதுகு திரைக்கு."

"படம் பார்க்க வேண்டாமா?"

"நாப்பது தடவை பார்த்தாச்சு. இவங்களைப் பாருங்க."

படம் தொடங்கியது. வசனம் எல்லாம் மனப்பாடம். திரும்பாமலே எந்தக் காட்சி என்று அங்கயற்கண்ணிக்குத் தெரிந்தது.

அம்மா கட்டுச்சோறு கட்டும் இடம் வந்தபோது, மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து மடியில் இருந்த பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து திரையைப் பார்த்தார். மறுபடி டப்பாவுக்குள் கையை விட்டார். அங்கயற்கண்ணி தாளில் அந்தக் குறைக்கு நேராக அழுத்தி ஒரு டிக் போட்டார்.

கீரிப்பிள்ளைக்கு முதல் தடவை தியேட்டரே சிரித்தது. மூன்றாவது தடவை அங்கங்கே மொபைல் வெளிச்சம் தெரிந்தது. டிக். வில்லன் முழங்கும்போது ஒரு சிறுமி ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். டிக். சண்டை வந்ததும் பிள்ளைகள் வரிசையாகப் பாத்ரூமுக்குப் போனார்கள். டப்பாக்காரப் பெண்ணும் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். டிக். தான் சொன்னதெல்லாம் பலிப்பதில் அவருக்கு உள்ளூரக் குஷி.

சண்டை ஓய்ந்தது. கட்டில் கிளம்பும் காற்றுச் சத்தம் கேட்டது. எதிரே இருந்த முகங்கள் எல்லாம் நீலமாயின.

முதல் வரிசையில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டிலுக்கு இரும்புக் கயிறு கட்டித் தூக்கி இறக்கியவர். ஒன்பது நாளும் பச்சைத் துணிக்கு முன்னால் அது நாலடிக்கு மேல் எழும்பவே இல்லை என்பது அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அங்கயற்கண்ணி பென்சிலோடு அவர் காலடியைப் பார்த்தார்.

செருப்பு தரையில் கிடந்தது. கால்கள் தரையில் இல்லை.

அவர் மகனின் கால்களும் அந்தரத்தில் இருந்தன. அதற்குப் பின்னால் இருந்த வரிசையிலும் அப்படித்தான். மூன்றாவது வரிசையில் பிள்ளை தண்ணீர் கேட்டுச் சேலையை இழுத்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. அந்தப் பெண் குனியவே இல்லை.

நாலு நிமிடமும் பென்சில் அசையவில்லை. திரும்பிப் பார்த்துவிடலாமா என்று அங்கயற்கண்ணிக்கு முதல் முறையாகத் தோன்றியது.

படம் முடிந்ததும் வாசலில் தேவசகாயத்தை மடக்கினார்.

"அண்ணே, கயிறு எங்கயாவது தெரிஞ்சுதா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதைப் பார்க்கணும்னுதாங்க வந்தேன். கட்டில் கிளம்புற வரைக்கும் ஞாபகம் இருந்துச்சு."

மத்தியானம் எடிட்டிங் அறையில் சீடர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சண்டையில் எட்டு நிமிடம் போயிற்று. கீரிப்பிள்ளைக்கு ஒரு ஜோக்தான் மிஞ்சியது. வில்லனின் முழக்கம் பாதியானது. பன்னிரண்டு நிமிடமும் கணக்காக வந்துவிட்டது. கட்டில் பறக்கும் காட்சியில் அவர் கை வைக்கவில்லை.

"தாள்ல டிக் போட்டதுல ஒண்ணு பாக்கி இருக்கே," என்றார் செலின்.

"அந்த அம்மாவா? அவ வர்றதே ஒன்றரை நிமிஷம். வெட்டினா அதுவும் போயிடும்."

"ம்."

"குறைன்னு ஒத்துக்கிறீங்களா, இல்லையா?"

"குறைதான். டைரக்டர்கிட்ட மூணு தடவை சொன்னேன். எடுக்காததை நான் எங்கேர்ந்து கொண்டு வர?"

அங்கயற்கண்ணிக்கு ஆறவில்லை. "மூணாவது வரிசையில ஒரு அம்மா இருந்தாங்க, மேடம். இவ்வளவு அழகான கட்டில்ல நமக்கு இடம் கிடையாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தானே அவங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க?"

"நானும் பின்னாலேர்ந்து பார்த்தேன். பிள்ளை தண்ணி கேட்டுச்சே, எப்போ குடுத்தாங்க?"

"கட்டில் இறங்கினதுக்கு அப்புறம்."

"அது வரைக்கும் எங்க இருந்தாங்க, டாக்டரம்மா?"