வெள்ள வரைபடமும் சிங்கத்தின் படமும்

கருங்காட்டு ஆலமரப் பொந்தில் ஒரு சர்வர் இருந்தது. காட்டின் கோப்புகள் எல்லாம் அதில்தான். குரங்கு அதைப் பார்த்துக்கொண்டது.

ஆறு பொங்கிய அன்று, மலைக்கு ஏறும் வழி தெரியாமல் ஒரு மான் தன் குட்டியோடு ஓடிவந்தது. மரத்தடித் திரையில் வெள்ள வரைபடத்தைக் கேட்டது. வரைபடம் சர்வரிலிருந்து திரைக்கு நகரவே இல்லை.

கரடி மந்திரி வந்தார். "கம்பி மெலிசு! மாற்று!" என்றார். மாற்றினார்கள். நகரவில்லை.

"சர்வர் கிழடு! புதிது வை!" வைத்தார்கள். நகரவில்லை.

"அப்படியானால் இது சதி! ஆமைகளைக் கைது செய்!" ஆமைகள் உள்ளே போயின. கோப்பு மட்டும் ஆமையாகவே வந்தது. மந்திரி வெற்றி அறிக்கை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

மான் குரங்கிடம் சொன்னது: "தம்பி, ஒன்றுமே எழுதாத கோப்பு ஒன்று அனுப்பு, பார்க்கலாம்."

அனுப்பியது. அதுவும் அதே தாமதம்!

"வெறும் கோப்புக்கு ஏனடா இவ்வளவு நேரம்? கூட என்ன வருகிறது?"

குரங்கு சுற்றுமுற்றும் பார்த்தது. "அரசர் படம், அக்கா. முழு உருவம், பிடரி முடி ஒவ்வொன்றும் தெரியும். எந்தக் கோப்புக்கும் முன்னால் அது போயாக வேண்டும். உத்தரவு."

"இதை மந்திரியிடம் சொன்னாயா?"

"அவர்தானே படம் எடுத்தவர்!"

"எடுத்து எறி அதை!"

"என் வேலை போய்விடும், அக்கா!"

"என் குட்டி போய்விடும், தம்பி!"

குரங்கு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு முறை மட்டும் படத்தை நீக்கியது. வரைபடம் கண் இமைப்பதற்குள் வந்தது. மான் வழியை உரக்கக் கத்திச் சொல்லிக்கொண்டே ஓடியது. கேட்டவர்கள் எல்லாம் மேலே ஏறினார்கள். சிறைக் கதவை ஒரு யானை உடைக்க, ஆமைகளும் அதன் முதுகில் ஏறின. குரங்கு பயத்தில் படத்தை மறுபடி ஒட்டிவிட்டுக் கடைசியாக ஏறியது.

அரசரின் குகைக்குள் தண்ணீர் புகுந்தது. சிங்கம் தன் திரையில் வரைபடத்தைக் கேட்டது. முதலில் கிரீடம் வந்தது. பிறகு, மெல்ல, நெற்றி.

"நிறுத்து! என் மூஞ்சி எனக்கெதற்கு? வழியைக் காட்டு!"

"உத்தரவை மாற்ற இன்னொரு உத்தரவு அனுப்ப வேண்டும், பிரபு," என்றது பக்கத்தில் இருந்த நரி. "அதற்கு முன்னாலும் தங்கள் படம்தான் போகும்!"

சொல்லிவிட்டு நரி நீந்திப் போய்விட்டது. திரையில் மீசை தெரிந்தபோது, தண்ணீர் சிங்கத்தின் மீசையைத் தொட்டது.

நீதி: ஊருக்குப் போய்ச் சேர வேண்டியதற்கு முன்னால் தன் முகத்தை அனுப்புகிறவனுக்கு, ஆபத்தில் அந்த முகம் மட்டுமே வந்து சேரும்.