அமலோற்பவம் குரல் கொடுத்த கட்டை

வாய்க்கால் கரையில் இருந்த அந்த மிருதங்கப் பட்டறையில் சீடர் குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

சீடர் பெயர் சவரிராயன். பாதி வாழ்நாள் தச்சு வேலை பார்த்துவிட்டு, பலா மரத்தின் மேல் இருந்த ஆசையால் இந்தத் தொழிலுக்கு வந்தவர். குரு தைரியநாதன். குரு சீடரை ‘அண்ணே’ என்பார், சீடர் குருவை ‘வாத்தியாரே’ என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இவர்கள் இருவரும் அதற்காகச் சிரித்ததில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பலாக் கட்டையைக் குடைந்ததும், தோல் ஏற்றுவதற்கு முன்னால், அதன் அகன்ற வாயில் முகம் வைத்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். குரலை மெல்ல ஏற்றி இறக்கிக் கூப்பிட்டால் ஏதோ ஓர் இடத்தில் கட்டை தானாகச் சிலிர்க்கும். மேலே வைத்த உள்ளங்கைக்கு அது தெரியும். அதுதான் கட்டையின் சொந்தச் சுருதி. பிறகு சாயங்காலம் சத்தமெல்லாம் அடங்கியதும், ஒரு காதைக் கட்டையின் வாயில் வைத்து, மறு காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, அது சும்மா இருக்கும்போது என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லிக் கூப்பிடலாம். இறந்தவர்கள் பெயர் மட்டும் கூடாது. ஏன் என்று தைரியநாதன் யாருக்கும் சொன்னதில்லை. அவருக்கே தெரியாது என்பதுதான் நிஜம்.

சவரிராயன் சொல்லிவிட்டார். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்ட மனைவி அமலோற்பவத்தின் பெயர். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது. கட்டை சிலிர்த்தது. அன்று சாயங்காலம் அவர் காதை வைத்தபோது, உள்ளேயிருந்து அவள் அவரைக் கூப்பிட்டாள்.

மனிதர் கட்டையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். ஆனாலும் மறுநாள் சாயங்காலமும் காதை வைத்தார். அதற்கு மறுநாளும் வைத்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள், மற்ற ஆட்கள் போன பிறகு, குருவின் முன்னால் வந்து நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“வாத்தியாரே, செத்தவங்க கூப்பிட்டா போகலாமா?”

தைரியநாதன் தோல் வார் அறுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “யாரு கூப்பிடுறா?”

“அமலி.”

“எங்கேருந்து?”

சவரிராயன் மூலையில் துணி போட்டு மூடியிருந்த கட்டையைக் காட்டினார். தைரியநாதன் துணியை விலக்கி, உள்ளே கைவிட்டுத் தடவினார். கை பாதியில் நின்றது.

“என்னண்ணே இது? அப்பளமாட்டம் இருக்கு. எதுக்கு இவ்ளோ குடைஞ்சீங்க?”

“முதல்ல குரல் மங்கலாத்தான் வந்துச்சு. கொஞ்சம் குடைஞ்சேன், நல்லா வந்துச்சு. இன்னும் கொஞ்சம் குடைஞ்சேன். இப்ப பக்கத்துல நிக்கிற மாதிரியே கூப்பிடுறா.”

“இதுக்கு மேல உளி பட்டா பிளந்துடும்.”

“தெரியும். அதான் கேக்குறேன். இனிமே அவளை இன்னும் கிட்ட கொண்டாற வழியில்லை. நானே அவ இருக்கிற எடத்துக்குப் போயிடலாம்னு தோணுது.”

அவர் அதைச் சந்தைக்குப் போகிறேன் என்பதுபோல் சொன்னார்.

“வீட்டுல சகாயம் இருக்குதேண்ணே. தாயில்லாத பொம்பளப்புள்ள.”

“அது சமத்து. அதுபாட்டுக்குச் சமைக்குது, பள்ளிக்கூடம் போவுது.”

“நீங்க அதுகிட்ட பேசுறதுண்டா?”

“அது மூஞ்சியப் பாத்தா அமலி நெனப்பு வருது வாத்தியாரே. நான் பாக்குறதில்ல. அது தூங்கின பெறகு வீட்டுக்குப் போறேன், முழிக்கிறதுக்குள்ள இங்க வந்துடுறேன்.”

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அக்கரையில், சவரிராயன் வீடு இருந்த பக்கம், ஒன்றிரண்டு வீடுகளில் விளக்கு எரிந்தது.

“இதான் அவ வர்ற நேரம்” என்றார் சவரிராயன்.

தைரியநாதன் குனிந்து காதை வைத்து, மறு காதைப் பொத்திக்கொண்டார்.

முதலில் காற்று மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து நீளமாக ஒரு பெண் குரல் எழுந்து அடங்கியது. சொல் எதுவும் புரியவில்லை, கூப்பிடுகிற ராகம் மட்டும் புரிந்தது. தைரியநாதனுக்கு அந்தக் குரல் தெரியும். அவள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். சட்டென்று தலையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பயந்துவிட்டார், அதை மறைக்கவும் இல்லை.

“அவங்கதான்” என்றார்.

சவரிராயனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இன்னொருவரும் கேட்டுவிட்டார்.

“என்ன சொல்றாங்க?”

“ஏங்கன்னு கூப்பிடுறா. மறுபடியும் ஏங்கன்னு கூப்பிடுறா. வேற ஒண்ணும் சொல்றதில்ல.”

“நீங்க பதில் சொல்லுவீங்களா?”

“தெனமும் சொல்றேன், இந்தா இருக்கேன்னு. அப்பவும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா.”

“எதைப் பாத்துச் சொல்றீங்க?”

“கட்டைக்குள்ளதான்.”

தைரியநாதன் கட்டையின் விளிம்பை விரலால் தடவினார். பதில் கிடைத்த பிறகும் ஒருத்தி ஏன் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று யோசித்தார். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் கட்டையோடு பிறந்து வளர்ந்த மனிதர். வெளியே இருந்து ஒன்றும் வராமல் கட்டை சிலிர்த்து அவர் பார்த்ததில்லை.

“காதை வைங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க. கேக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

சவரிராயன் காதை வைத்தார். தைரியநாதன் போய் வாசல் கதவைச் சாத்தினார்.

“கேக்குது.”

ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

“கேக்குது.”

வாய்க்கால் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். உள்ளே இருட்டு கவிந்தது. காது பொத்தியிருந்தவருக்கு ஜன்னல் சாத்திய சத்தம்கூடத் தெரியவில்லை. அவர் முகம் மட்டும் வாடியது.

“போயிட்டா.”

தைரியநாதன் அந்த ஜன்னலைத் திறந்தார்.

“வந்துட்டா” என்றார் சவரிராயன், குழந்தை மாதிரி.

மறுபடி சாத்தினார். மறுபடி போய்விட்டாள். திறந்தார், வந்துவிட்டாள். தைரியநாதன் திறந்த ஜன்னலிலேயே நின்று வெளியே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு வந்து, சீடரின் காதைப் பொத்தியிருந்த கையைப் பிடித்து மெதுவாக எடுத்தார்.

“செத்தவங்க வர்றதுக்கு ஜன்னல் வேணுமாண்ணே?”

சவரிராயன் தலையைத் தூக்கினார். ஜன்னலுக்கு வெளியே, வாய்க்காலுக்கு அப்பால், படித்துறையில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையைக் குவித்து வாயில் வைத்திருந்தாள்.

“அப்பாவ்... சோறு ஆறுதுப்பாவ்...”

அதே குரல். ஏற்றமும் அதே, கடைசியில் கொஞ்சம் உடைந்து இறங்குவதும் அதே. அவள் நிறுத்தினாள், காத்திருந்தாள், மறுபடியும் கூப்பிட்டாள். கூப்பிட்டுப் பழகிப்போனவள் மாதிரி இருந்தது. பதில் வரும் என்று எதிர்பார்க்கிறவள் மாதிரி இல்லை.

“சகாயம்” என்றார் சவரிராயன்.

“தெனமும் இப்படித்தான் கூப்பிட்டிருக்கும்போல” என்றார் தைரியநாதன். “நான் பொழுதோட கிளம்பிடுறேன். எனக்கும் தெரியாமப் போச்சு.”

சவரிராயன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “வர்றேம்மா” என்று கத்தினார். படித்துறையில் இருந்த பெண் அப்படியே நின்றாள். குவித்த கை மெல்லக் கீழே இறங்கியது.

அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து, பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசல் வரை போனார். அங்கே நின்றுவிட்டார்.

“சின்னப்புள்ளக் குரல்தானே வாத்தியாரே அதுக்கு. கீச்சுன்னு இருக்குமே. அமலி குரல் அதுக்கு எப்ப வந்துச்சு?”

தைரியநாதன் கட்டையின் மேல் துணியைப் போட்டு மூடினார்.

“நீங்க இதைக் குடைஞ்சுக்கிட்டிருந்தப்ப.”